ஐம்பது பேரின் ஓட்டம்

சீல் வேட்டை முடித்து வீடு திரும்பும் எங்கள் கப்பலை மூன்று நாளாகப் பனிக்கட்டி கவ்விப் பிடித்திருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு இன்னும் ஒரு நாள் பயணம்தான். பக்கப் பலகைகள் முனகுகின்றன. இன்றைக்குள் விடுபடாவிட்டால் கப்பல் நொறுங்கிவிடும். வெள்ளைவெளேரென்ற வெயிலில் கண் கூசுகிறது. பாய்மரத்தடியில் உட்கார்ந்து ஏசா அக்கார்டியன் வாசிக்கிறான். கப்பலை ஆட்டிப் பனியை உடைக்க, மெட்டு திரும்பும்போதெல்லாம் ஐம்பது பேரும் மேல்தளத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒன்றாக ஓடுகிறோம். எங்கள் எடையில் கப்பல் தொட்டில்போல் அசைகிறது. பனி மட்டும் பிடியை விடவில்லை. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார் சமையல்காரர் கார்லண்ட். "ஆடுங்கடா, நல்லா ஆடுங்க. பனி பயந்து ஓடிடும்!" மேலேயிருந்து கேப்டன் ஒபதியா கத்துகிறார்: "யோவ் கார்லண்ட்! என் கப்பல்ல இத்தனை வருஷமா தின்ன பன்னிக்கறியெல்லாம் எதுக்குய்யா? வந்து ஓடு!" கார்லண்ட் ஏப்ரனை அவிழ்த்து வீசுகிறார். மெட்டு திரும்புகிறது. தளம் அதிர அவர் ஓட, பின்னாலேயே நாங்கள். கப்பல் ஒருக்களித்துச் சாய்கிறது. அடியில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். பனியில் கறுப்பாக ஒரு கோடு கிழிந்து, அகன்று, தண்ணீராகப் பளபளக்கிறது. நீராவி இயந்திரம் உறுமுகிறது; கப்பல் முன்னே நகர்கிறது. சமையலறைக்குள் பட்டாணி சூப் அண்டா உருண்டு கொட்டும் சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "போதும்டா, நிறுத்துங்க! இப்ப நீங்களே கவுத்துடுவீங்க போல!" என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்துகிறார். ஏசா நிறுத்துவதாக இல்லை. மெட்டு மறுபடியும் திரும்புகிறது. எல்லோருக்கும் முன்னால் கார்லண்ட் ஓடுகிறார்.