விலகல்

“வைரத்த இறுக்கியே கொன்னுட்டியேம்மா,” என்றாள் அவள்.

ஆய்வு மாணவிக்கு முகம் சுருங்கிப்போனது. பார்த்துப் பார்த்துப் பொருத்திய வைரத் தகடு அது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

அதன் வேலையைச் சொல்வது சுலபம். எலக்ட்ரான்கள் சுற்றிவரும் பெரிய வளையத்திலிருந்து கிளம்பி வரும் எக்ஸ் கதிர் ஒரே தளத்தில் ஆடிக்கொண்டு வரும். அதைச் சரியான சாய்வில் வைரப் படிகத்துக்குள் அனுப்பினால், திருகாணி மாதிரி சுழன்றுகொண்டு மறுபக்கம் வெளியேறும். இடமாகவும் சுழற்றலாம், வலமாகவும் சுழற்றலாம். காந்தத்தின் உள்விவகாரங்களைத் துருவிப் பார்க்க அந்தச் சுழற்சி வேண்டும்.

மூன்று நாளாகக் கதிர் சுழல்வேனா என்று அடம்பிடித்தது.

கதிர் அவர்களுக்கு இன்று மாலை ஐந்து மணிவரைதான். ஐந்தடித்தால் அடுத்த குழு வந்து நிற்கும். மறுபடி கிடைக்க ஒரு வருடம் ஆகலாம்.

காலையில் ஆய்வுக்குழுத் தலைவர் வாய்விட்டு உதவி கேட்டார். அவர் அப்படிக் கேட்பது அபூர்வம். அவள் உடனே கிளம்பி வந்துவிட்டாள்.

திரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஊசிபோல எழும்ப வேண்டிய கோடு, மேடுபோலப் பரந்து கிடந்தது. கவ்வியின் அழுத்தத்தில் வைரம் வளைந்திருந்தது.

கதிரை அடைத்துவிட்டு, ஈயக் கதவைத் திறந்து இருவரும் உள்ளே போனார்கள். அவள் கவ்வியைக் கழற்றினாள். தகட்டின் ஒரே ஒரு மூலையில் துளி மெழுகு வைத்து நிறுத்தினாள்.

பன்னிரண்டு வருடமாகத் தொடாத வேலை. கை அதை மறந்திருக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வந்து கணினி முன் உட்கார்ந்தாள். ஊசி எழும்பியது. ஆனால் உச்சியிலேயே நின்றால் பிரயோசனமில்லை. அங்கிருந்து மயிரிழை விலக்கினால்தான் கதிர் சுழலும். எத்தனை மயிரிழை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று படிகத்தை நகர்த்திக்கொண்டே போனாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கோடுகள் பிரிந்தன. இடச்சுழல் மேலே, வலச்சுழல் கீழே.

மாணவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

செய்தி கேட்டுத் தலைவர் வந்தார். கூடவே புது இயக்குநர், வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் நான்கு பேர். அறை முழுக்கக் கைதட்டல். ஆளாளுக்குத் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “என்னோட பன்னெண்டு வருஷக் கனவு” என்று அவர் சொல்வது அவள் காதில் விழுந்தது.

“இவங்க யாரு? புதுசா சேந்திருக்காங்களா?” என்று கேட்டார் இயக்குநர்.

மாணவி வாயைத் திறந்தாள். தலைவர் முந்திக்கொண்டார்.

“என் மனைவி சார். வீட்ல சும்மாதானே இருக்காங்க, ஒரு நாள் வந்து பாக்கட்டுமேன்னு கூட்டிட்டு வந்தேன்.”

கணவனும் மனைவியும் ஒரே பிரிவில் வேலை பார்க்கக் கூடாது என்று விதி வந்த வருடம், யார் விலகுவது என்று வீட்டில் ஒரு பேச்சுகூட எழவில்லை. அன்றைக்கு ஆய்வகத்தில் வைரத்தைக் கையாளத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இயக்குநருக்கு வணக்கம் சொல்லி அவள் எழுந்துகொண்டாள். காலியான நாற்காலியில் கணவர் உட்கார்ந்தார். விருந்தாளி ஒருவர் குனிந்து, கோணத்தைப் பற்றி ஏதோ விசாரித்தார்.

கார்ச் சாவி எங்கே என்று தினமும் கேட்கிற அதே குரலில், தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கிசுகிசுத்தார் அவர்:

“எவ்வளவு விலக்கின?”

அவள் சொன்னாள். புள்ளிக்குப் பிறகு வரும் எண்களைக்கூட விடாமல் சொன்னாள்.