அலசாத குடுவை

“மறுபடியும் நுரை! சோப்பை அலசவே மாட்டீங்களா நீங்க?”

குடுவையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள் அவள். அந்தச் சின்ன ஆய்வகத்தில் ஈஸ்டின் மரபணுவை மாற்றுவது அவள் வேலை. எண்ணெய் அளப்பது முதல் குடுவை கழுவுவது வரை மற்றதெல்லாம் கணவன் தலையில்.

தாவர எண்ணெயைத் தின்று, சோப்பு மாதிரி நுரைக்கும் ஒரு பொருளை ஈஸ்ட் சுரக்கும். ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான். அதை அதிகமாகச் சுரக்கவைக்கத் தலைகீழாக நின்றும் நடக்கவில்லை.

“ஒருவேளை ஈஸ்டோட வேலையா இருந்தா?” என்றான் மெதுவாக.

“ஒரே ராத்திரியில கழுத்து வரைக்குமா? வீட்டுல டம்ளர் கழுவுற லட்சணம்தானே இங்கேயும்! போன வாரமும் இதே ஈஸ்ட், இதே நுரை. இந்த ராசியில்லாத வகையே எனக்கு வேண்டாம்.”

மரபணு மாற்றிய ஈஸ்டை உயிரோடு வெளியே விடக் கூடாது. குடுவையிலும், அந்த வகையில் மிச்சமிருந்த ஒரே சோதனைக் குழாயிலும் ப்ளீச்சை ஊற்றினாள்.

“நாளைக்காவது ஒழுங்கா கழுவித் தொலைங்க.”

அவன் ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“உன் திட்டுக்குப் பயந்து கழுவுறதையே விட்டுட்டேன்மா. போன வாரத்துலேருந்து எல்லாமே பெட்டியிலேருந்து எடுத்த புதுக் குடுவை. கிருமி சாக ஆவியில வேகவைக்கிறதோட சரி, சோப்பைத் தொடவே இல்ல.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஈஸ்ட் செத்துப்போயிருந்தது. நுரை மட்டும் இன்னும் அடங்கவில்லை.