சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?

மூன்றாவது முறையும் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. ‘இந்தப் பெயரில் ஊழியர் யாரும் இல்லை.’

நான் கேட்டது ஒரே கேள்வி. வேலையில் சந்தேகம் வந்தால் முதலில் யாரைக் கேட்பீர்கள்?

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. நாற்பத்து மூன்று மெக்கானிக்குகள். யார் யாரிடம் போகிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது என்று கோடு போட்டுப் படமாகக் கொடுப்பது என் தொழில். மாலைக்குள் முதலாளி கையில் படம் இருக்க வேண்டும்.

முப்பத்தொரு பேர் ‘ஸ்டோர் அக்கா’ என்று எழுதியிருந்தார்கள்.

அலுவலகத்தில் விசாரித்தேன். ஸ்டோரில் ஆளே கிடையாதாம், உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பது மெஷின்தானாம்.

கிண்டல் செய்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. புதுத் தாள் கொடுத்து, ஒழுங்காக எழுதச் சொன்னேன்.

இப்போது முப்பத்து நான்கு பேர்.

தாள்களை அள்ளிக்கொண்டு பணிமனைக்குப் போனேன். சீனியர் மெக்கானிக் இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்திருந்தார். எங்கோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி.

பழைய மாடல், பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடி மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் என்று இந்தக் காதில் கேட்டதை அந்தக் காதில் இருந்த போனுக்குச் சொன்னார். பத்து நிமிடத்தில் அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள்.

எனக்கு என் படம்தான் முக்கியம். இல்லாத ஆளை எப்படி எழுதுவீர்கள் என்று தாள்களை மேஜையில் வீசினேன்.

அவர் கோபப்படவில்லை. “கம்பெனி அக்காவ வேலைய விட்டு அனுப்பிடுச்சு சார். நாங்க கூப்பிடறதும் நிக்கல, அவங்க எடுக்கறதும் நிக்கல. இப்பகூட அவங்கதான் சொன்னாங்க.”

போன வருஷமாம். யாரோ வெளியாள் அளந்து பார்த்து, அந்த அம்மாவால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம்.



போன வருஷம் நான் இங்கே வரவில்லை. யார் யாருக்கு ஈமெயில் போட்டார்கள் என்று கம்பெனி அனுப்பிவைத்த கணக்கை மட்டும் வைத்து, வீட்டிலிருந்தே படம் போட்டேன். அதில் ஒரு கோடுகூடத் தொடாமல் ஓரமாக ஒரு புள்ளி கிடந்தது. பெயர் இல்லை, ஊழியர் எண் மட்டும். சிவப்பில் வட்டமிட்டு, ‘நீக்கினால் பாதிப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மெக்கானிக் மறுபடி அக்காவின் எண்ணை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“சொல்லுப்பா, எந்த பில்டிங்?”