நான்காவது ஜோடி

அந்தமான் கடலில் மூன்றாம் நாள் காலை. ஆழத்தில் இறங்கி மீன் பார்க்க வந்தவர்களின் படகு மெல்ல ஆடுகிறது. கம்பியில் தொங்கும் ஈர உடைகள் சொட்டுகின்றன, சமையலறையிலிருந்து முட்டை பொரியும் மணம் வருகிறது. முதுகில் காற்று சிலிண்டரோடு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான் ஜோசுவா. ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். இரண்டு நாளாக ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. தண்ணீரில் மிதந்தபடி அவன் மனைவி மெர்சி கூப்பிடுகிறாள்.

"இன்னாங்க, குதிங்க!"

"இரு, இந்த ரப்பர் ஷூவுல தையல் சரியில்ல. வேற ஜோடி குடுக்கச் சொல்லு."

இது நான்காவது ஜோடி. வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொள்கிறான். பக்கத்திலிருக்கும் ஜெர்மன்காரர் கவலையோடு தன் ஷூவையும் கழற்றி நீட்டுகிறார். ஜோசுவா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்கிறான்.

மெர்சி ஏணியேறி வந்து, சொட்டச் சொட்ட அவன் பக்கத்தில் உட்காருகிறாள்.

"பயமா இருக்குதுன்னு சொன்னா நான் இன்னா சிரிக்கவா போறேன்?"

"சிரிப்ப."

அவள் சிரித்தேவிடுகிறாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவனுக்கும் வந்துவிடுகிறது.

"மூணு எண்ணுவேன், சேர்ந்தே விழலாம்" என்று அவன் கையைப் பிடிக்கிறாள். அவன் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடுகிறான். ரெண்டு என்பதற்குள் அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிடுகிறான்.