நாற்பத்தாறு கண்ணி

"இந்த முறை ஒராளாவது உங்கட பாட்டு முடிய முந்தி எழும்பி வீட்ட போனா, பாட்டுக் கொப்பி அடுப்புக்குத்தான். சொல்லிப்போட்டன்."

வள்ளத்தில் இருந்தபடியே யூஜீனியா சொன்னாள். அவள் புருஷன் பஸ்தியான், பாட்டெழுதிய கொப்பியைச் சாரத்து மடிக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டான். அவள் சொன்னால் செய்வாள். போன வருஷக் கொப்பியை எரித்து மீன் பொரித்தவள்.

அரிசிக்குக் கூப்பன் வந்த காலம் அது. வருஷத்துக்கு ஒரு பகல், கற்பிட்டிக் களப்பு நடுவில், சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த மணல்திட்டில் பாட்டுக் கச்சேரி நடக்கும். கிழக்குக் கரையில் வைத்தால் மேற்குக் கரைக்காரர் கோபிப்பார்கள் என்பதால், ஒருவருக்கும் சொந்தமில்லாத திட்டு. பாடுகிறவர் தானே கட்டிய பாட்டைத்தான் பாடவேண்டும். துக்கமும் சொந்தத் துக்கமாக இருக்கவேண்டும். இரவல் துக்கம் செல்லாது.

முதலில் அபூசாலி றபானைத் தட்டி, தன் உப்புக் குவியல் மழையில் கரைந்ததைப் பாடினார். முன்வரிசை மூக்கைச் சிந்தியது. அடுத்து, கருவாடு காயப்போடும் அல்பொன்சா, கோபத்தில் ஐந்து வருஷமாகத் தன் முகம் பார்க்காத அக்காவைப் பற்றிப் பாடினாள். கூட்டத்தில் இருந்த அக்காதான் எல்லாரையும்விடக் கூட அழுதாள்.

பஸ்தியான் மெண்டலினைத் தூக்கினான்.

"மச்சான், நாப்பது கண்ணியையும் பாடவா போறாய்?" என்றார் அபூசாலி.

"நாப்பத்தாறு. காலமை ஆறு கூட்டினன்."

"போன முறை எத்தினையாவதில சனம் கலைஞ்சது?"

"நாலாவதில."

"அப்ப மூண்டோட நிப்பாட்டன்."

"என்ர துக்கம் அஞ்சாவதிலதான் மச்சான் தொடங்குது."

திருக்கை மீன் ஒன்று அவனுடைய வலையைக் கிழித்துப் போன கதை அது. 'கிழிச்ச வலையைத் தைச்சுப்போட்டன், திருக்கையே. நீ திரும்பியும் பாக்கேல்லையே' என்று தொடங்கினான்.

நாலாவது கண்ணியில் வழக்கம்போலச் சனம் எழும்பியது. முதலில் சூசைப்பிள்ளை. பிறகு அத்தாஉல்லா நானா. பிறகு குடும்பம் குடும்பமாகக் கண்டல் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தார்கள். யூஜீனியாவும் கண்ணில் படவில்லை. எங்கேயோ பின்னால் நின்று போகிறவர்களை எண்ணுகிறாள் என்று நினைத்தான். கொப்பி எரிகிற மணம் இப்போதே மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாவது கண்ணிக்குப் போனான்.

கண்ணைத் திறந்தால், சூசைப்பிள்ளை திரும்பி வந்து பழைய இடத்திலேயே குந்தியிருக்கிறார்! அத்தாஉல்லா நானா தலையில் கைவைத்தபடி பக்கத்தில். போன அத்தனை பேரும் ஒவ்வொருவராக வந்து, ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்தார்கள்.

பஸ்தியானுக்கு மேல் சிலிர்த்தது. கலைந்த சனத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பாட்டுக்காரன் அந்தக் களப்பில் அதுவரை பிறக்கவில்லை. பத்தாவது கண்ணியில் சூசைப்பிள்ளை கண்ணைத் துடைத்தார். இருபதாவதில் பெண்கள் செபமாலையை எடுத்தார்கள். முப்பதாவதில் அத்தாஉல்லா நானா வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். நாற்பத்தாறும் முடிந்ததும் இருநூறு பேரும் ஒன்றாக எழும்பிப் போட்ட கூச்சலில் கொக்குகள் புத்தளம் வரைக்கும் பறந்தன.

"ஒராளும் போகேல்ல மச்சான்! என்ர கண்ணாலயே நம்ப ஏலாமக் கிடக்கு!" என்று அபூசாலி கட்டிப்பிடித்தார்.

"யூஜீனியாவிட்ட சொல்லோணும்!" என்று பஸ்தியான், கண்டல் மரங்களை நோக்கி ஓடிய சனத்தின் பின்னாலேயே ஓடினான்.

கண்டல் மரங்களுக்கு அந்தப் பக்கம், வந்த வள்ளங்களில் ஒன்றுகூடக் கரையில் இல்லை. கூப்பிடு தூரத்தில், களப்புக்குள், இருபது வள்ளமும் ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டுப்பட்டுக் கிடந்தன. முன் வள்ளத்தில் தாங்குகம்பை ஊன்றி நின்ற யூஜீனியா சத்தமாகக் கேட்டாள்:

"என்னப்பா, கடைசிக் கண்ணியும் முடிஞ்சுதோ? வள்ளங்களைக் கொண்டரட்டோ?"