மூன்று முழு நாட்கள்

"சேர்மனோட வால் நல்லாத்தான் ஆடுது!"

அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த ஹேசல் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் டோரீனுடையது. நெதர் கோப்லி கிராம மன்றத்தில் பன்னிரண்டு வருடம் எழுத்தராக இருந்த ஹேசலுக்கு முதுகுத் தோலும் தடித்துப் போயிருந்தது.

டோரீன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் படித்தாள். செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் கூட்டம். நான்காவது பொருள்: பேருந்து நிறுத்தக் கூரையை இடித்து அகற்றுவது.

"இடிக்கிறீங்களா? வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு அந்தக் கூரைக்குக் கீழதான் பஸ்ஸுக்கு நிக்கிறேன். மழை பெஞ்சா எங்க நிக்கிறது, உன் குடைக்குள்ளயா?"

"கூட்டத்துல வந்து சொல்லு, டோரீன். மூணு நிமிஷம் தருவாங்க."

"நீ யார் பக்கம் ஓட்டுப் போடுவே?"

"எனக்கு ஓட்டு கிடையாது."

"முதுகெலும்பும் கிடையாது போல." டோரீன் போய்விட்டாள்.

எதிரே நின்ற காரிலிருந்து சேர்மன் லிட்கேட் இறங்கி வந்தார். அவர் வீட்டு வரவேற்பறை ஜன்னலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அந்தக் கூரை நின்றது. அது அவர் கண்ணை உறுத்தத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

"ஒட்டியாச்சா?"

"திங்கட்கிழமையே ஒட்டியிருப்பேன், சேர்மன். பலகைச் சாவியை நீங்க இன்னைக்குத்தானே குடுத்தீங்க."

"காரணமாத்தான். ஒரு வாரம் விட்டா ஊரே கையெழுத்து வாங்கக் கிளம்பிடும்."

"மூணு முழு நாள் முன்னாடி ஒட்டணும். ஒரு நாள் குறைஞ்சாலும் கூட்டத்துல எடுக்கிற முடிவு செல்லாது."

லிட்கேட் விரல் மடக்கினார். "இன்னைக்கு வெள்ளி. சனி, ஞாயிறு, திங்கள். மூணு. போதுமே."

ஹேசல் வாயைத் திறந்தாள்.

"ஹேசல், எழுத்தர் வேலை எழுதுறது. நான் கேட்டா மட்டும் பேசுங்க."

வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கு அடுத்த வியாழக்கிழமை மன்றத் தேர்தல். லிட்கேட் மறுபடி நிற்கவில்லை. நிற்பவர்கள் அத்தனை பேரும் கூரையைத் தொட மாட்டோம் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். செவ்வாயை விட்டால் அவருக்கு வேறு கூட்டம் இல்லை.

செவ்வாய் மாலை கிராம மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் தேநீர்க் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். டோரீன் எழுந்து பேசினாள். ஆஸ்பத்திரி, மழை, வீங்கிய கால் என்று வந்தபோது லிட்கேட் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"மூணு நிமிஷம் ஆச்சு."

"இன்னும் நான் சொல்ல வந்ததே—"

"உக்காருங்கம்மா."

உறுப்பினர்கள் ஐந்து பேர். மூன்று கைகள் உயர்ந்தன.

"நிறைவேறியது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு லாரி வருது" என்றார் லிட்கேட்.

ஹேசல் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதுடி, எழுது. லாரி நம்பரையும் சேத்து எழுது" என்றாள் டோரீன்.

லிட்கேட் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு எவரும் அறிவிப்பே வரலைன்னு புலம்பக் கூடாது பாருங்க. ஹேசல், எல்லார் முன்னாலயும் கேக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒட்டினோம். மூணு முழு நாள் சரியா இருக்கா, இல்லையா?"

ஹேசல் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"சட்டத்துல ஞாயித்துக்கிழமை கணக்குல வராது, சேர்மன்."