மாலை போட்ட படம்

செத்துப்போன பெண் எதிர்வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலை பதினோரு மணி, நல்ல வெயில்.

அனுசுயா முறத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். சந்தேகமே இல்லை. அதே அகன்ற நெற்றி, இடது புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. எதிர்வீட்டு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தில் உள்ளவளேதான். இடுப்பில் ஒரு கைக்குழந்தை மட்டும் கூடுதல்.

தேனிக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டிப் புதிதாக முளைத்த நகர் அது. பகலில் தெருவே காலி. மிச்சமிருப்பது, புருஷன் திருப்பூரில் வேலை பார்க்கிற அனுசுயாவும் எதிர்வீட்டு ஈஸ்வரபாண்டியும்தான்.

அவர் தேவாரம் ஊர்க்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவியோடு குடிவந்தார். மறு வருஷமே அந்த அம்மாளும் போய்ச்சேர்ந்தாள். ஒரே மகள், அவளும் இல்லை என்று ஒரு தடவை சொன்னார். ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு யார் கேட்பார்கள்? டிவியை ஓடவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன். பேச்சுக்குரல் கேட்டால் போதும் அவருக்கு. பார்க்கச் சகிக்காமல் அனுசுயா வாரத்தில் நாலு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"அக்கா, ஈஸ்வரபாண்டி வீடு இதுதானக்கா?"

"இதுதான். கடைக்குப் போயிருக்காக. நீ யாரும்மா?"

"அவுக மக. பவானி."

அனுசுயா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

கொட்டித் தீர்க்க ஆள் கிடைக்காமல் இருந்தவள்போல பவானி எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கேரளாவுக்குப் போனவள். போன நாலாம் நாள், தேவாரம் பஸ் ஸ்டாப்பில் அவள் படத்தைப் போட்டு 'கண்ணீர் அஞ்சலி' பிளக்ஸ் வைத்தார் அப்பா. மொட்டையடித்து, காரியம் செய்து, சொந்தபந்தத்துக்குப் பந்தியும் போட்டார். பிளக்ஸைப் போட்டோ எடுத்து எவனோ அவள் போனுக்கே அனுப்பியிருந்தான். அம்மா செத்த சேதியை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அது போன மாதம்தான், கூடப் படித்த ஒருத்தி மூலமாகத் தெரிந்ததாம்.

"சண்டை போட வரலக்கா. அவுகள ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

அனுசுயா ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். இந்த ஆளுக்கா இத்தனை நாள் குழம்பு ஊற்றினோம்? அவர் மாலை மாற்றும்போது கண்ணைத் துடைத்ததைப் பார்த்துத் தானும் அழுதது நினைவுக்கு வந்து கூசியது. சாதி வீம்பில் பெற்ற பிள்ளையைச் சாகடித்துவிட்டு, இங்கே வந்து ஊர்ப் பரிதாபத்தை வாங்கியிருக்கிறார்.

மொபெட் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள்.

ஈஸ்வரபாண்டி மகளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அடுத்து அவர் பார்த்தது தெருவின் இரண்டு முனைகளையும்தான்.

"வரும்போது யாரும் பாத்தாகளா?"

ஆறு வருஷம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அனுசுயாவுக்குப் பொறுக்கவில்லை. பேத்தி வந்து நிற்கிறாள், உங்களுக்கு ஊர் பார்த்ததுதான் கவலையா என்று கேட்டேவிட்டாள். அவர் எல்லாரையும் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார்.

பவானி தன் படத்துக்குக் கீழேயே நின்றாள்.

"உசுரோட இருக்கவளுக்கு மாலை போட எப்படிப்பா மனசு வந்துச்சு? அம்மா மொகத்தக்கூட நான் பாக்கலையே."

"பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிருத்தா. பெரியப்பன் மகன் வேல்பாண்டி வருவான். வாரந்தவறாம வந்து, இந்தப் படம் இருக்கா, மாலை கெடக்கான்னு பாத்துட்டுத்தான் போவான்."

குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவரும் பாதிவரை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார்.

"வெரட்டத்தான் செய்றீக," என்றாள் அனுசுயா. "அவன் பாத்தா உங்க கௌரவம் போயிரும். அப்படித்தானய்யா?"

ஈஸ்வரபாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். 

"நீ போன அன்னைக்கே உன் பெரியப்பன் மக்க நாலு பேரும் அருவாளோட கெளம்பிட்டானுக. கால்ல விழுந்தேன், கேக்கல. மூணாம் நாளு கட்டப்பனை வரைக்கும் வந்து, நீங்க தங்கியிருந்த தெருவையே விசாரிச்சுட்டானுக."

பவானி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவனே காரியம் பண்ணித் தலை முழுகிட்டா, அவ செத்தவ. வகையறாவுல எவனும் அவளத் தேடிப் போகக்கூடாது. நம்ம வழக்கம் அது. எனக்கு வேற வழி தெரியல. ஒரு போன் போட்டிருந்தாலும் அம்புட்டும் பொய்யின்னு தெரிஞ்சுபோகும். உங்கம்மாட்டகூட நான் சொல்லல. அவளுக்கு மொகத்துல மறைக்கத் தெரியாது."

பவானி மெல்ல, "அப்பா" என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் மொட்டை போட்டுப் பந்தியில எலை போட்ட பொறகுதான்த்தா, அவனுக வண்டியத் திருப்புனானுக."